ஏடும் மட்டையும் ஏந்திய ஜெய்பால் சிங்



இம்மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டபோது, காந்தியடிகள், பாரதியார் என்று ஆண்டுதோறும் எழுதப்படும் பெயர்கள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. ஆனால் சில வாரங்களுக்கு முன்பு நம் பள்ளித் திடலில் நடந்த ஒரு சிறு சம்பவம் என் மனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். நன்றாகப் பந்து விளையாடுகிறவன். கணிதத்தில் அவனுக்குப் புள்ளிகள் குறைந்துவிட்டன. மறுநாளே அவன் அப்பா திடலுக்கு வந்து, பயிற்சியின் நடுவிலேயே பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். விளையாட்டு சோறு போடுமா என்பது அவர் கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து வேலைக்காட்டில் செம்பனைக் குலை சுமக்கிறவருக்கு, தன் பிள்ளைக்கும் இந்தப் பிழைப்பு வந்துவிடக் கூடாதே என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்விப் பாடத்துக்காக எப்போதோ படித்த ஒரு மனிதரின் கதைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அவர் பெயர் ஜெய்பால் சிங். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த பெயர். நம் பக்கத்தில் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், ராஞ்சிக்குத் தெற்கே குந்தி வட்டாரத்தில் டக்ரா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். முண்டா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். வீட்டில் வைத்த பெயர் பிரமோத் பாஹன். சின்ன வயதில் மாடு மேய்த்தார்.

அந்த ஊர் இருக்கும் சோட்டா நாகபுரி என்ற மலைப் பகுதியைத் தோட்டத்து மக்களாகிய நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நம் பாட்டனையும் பூட்டனையும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி இங்கே ரப்பர்க் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள் அல்லவா? அதே வெள்ளைக்காரர் ஆட்சியில், சோட்டா நாகபுரியிலிருந்து முண்டா, ஒராவோன் மக்களை ஆயிரமாயிரமாக அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே ஆள் கூட்டி வந்தவன் கங்காணி. அங்கே அவனுக்குப் பெயர் சர்தார். அங்கேயும் லயம்தான், இங்கேயும் லயம்தான். ஆகவே ஜெய்பால் சிங் நமக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தக்காரர் என்றே நான் சொல்லுவேன்.

மாடு மேய்த்த பையனை ராஞ்சியிலிருந்த செயிண்ட் பால் பள்ளியில் சேர்த்தார்கள். பாதிரிமார் நடத்திய பள்ளி அது. படிப்பில் கெட்டிக்காரன், திடலிலும் கெட்டிக்காரன். அதன் தலைமையாசிரியராக இருந்த கேனன் காஸ்கிரேவ் என்ற ஆங்கிலேயர் பையனின் திறமையைக் கண்டு, 1918-ல் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அப்போது ஜெய்பாலுக்கு வயது 15. நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் பட்டணத்து பஸ் ஏறும்போதே அம்மாக்கள் கண் கலங்குகிறோமே, இந்தப் பையன் காட்டுக் கிராமத்திலிருந்து கடல் கடந்து போனான். தன் மொழி பேச அங்கே ஓர் ஆள் கிடைத்திருப்பாரா?

முதலில் கேன்டர்பரி. பிறகு 1922-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரி. அங்கே பொருளாதாரத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக ஹாக்கிக் குழுவிலும் இடம் பிடித்தார். அவர் ஆடியது பின்காப்பு. கோல் போட்டுக் கைதட்டு வாங்கும் இடம் அல்ல அது. எதிரி வரும் வழியை முன்கூட்டியே படித்து அடைக்கும் இடம். ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகத்துக்காக ஆடித் தேறியவர்களுக்கு நீல விருது என்று ஒரு மதிப்பு உண்டு. ஹாக்கியில் அதைப் பெற்ற முதல் இந்திய மாணவர் ஜெய்பால் சிங். அதோடு பத்திரிகைகளுக்கு ஹாக்கி பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். பாருங்கள், திடலில் ஓடிய கால்களின் அனுபவத்தை இரவில் உட்கார்ந்து எழுத்தாக்கியிருக்கிறார். நேரம் அவருக்கும் ஒரு நாளைக்கு 24 மணிதான்.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம்.

பட்டம் பெற்ற பின் அவர் ஐ.சி.எஸ். என்னும் இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வாகி, இங்கிலாந்திலேயே பயிற்சியில் இருந்தார். அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் சாதாரணமா? ஒரு மாவட்டத்தையே கையில் கொடுத்துவிடுவார்கள். நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், துரைக்கும் மேலே ஒரு துரை. பழங்குடி வீட்டுப் பையன் அந்த வாசல் வரைக்கும் வந்துவிட்டான்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் போட்டி. இந்தியா முதன்முறையாக ஹாக்கிக் குழுவை அனுப்புகிறது. தலைமை ஏற்கும்படி ஜெய்பால் சிங்குக்கு அழைப்பு வந்தது. பயிற்சியிலிருந்து விடுப்புக் கேட்டார், மேலிடம் மறுத்துவிட்டது. மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டார்.

இந்தியக் குழு ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றது. மே 26-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை 3-0 என்று வீழ்த்தியது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். எதிரிகள் போட்டது ஒன்றுகூட இல்லை. அவற்றில் 14 கோல்கள், இராணுவச் சிப்பாயாக இருந்த தியான் சந்த் போட்டவை. இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. குழு நிர்வாகத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டு, அதற்கு முன்பே விலகிப் போய்விட்டார். எவ்வளவு பெரிய பதவியைப் பணயம் வைத்து வந்தவர், கடைசி நாளில் திடலில் இல்லாமல் போனாரே என்று எனக்கு இன்றும் மனம் கேட்பதில்லை. கசப்பு எதுவாக இருந்தாலும் நின்று ஆடியிருக்கலாம் என்பது என் எண்ணம். குழுவை விட்டுக் கோபித்துக்கொண்டு போகும் பையன்களை நாம் கண்டிக்கிறோம். பெரிய மனிதர் செய்தார் என்பதற்காக அதை நல்லது என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தபோது, விடுப்பில்லாமல் போனதற்காகப் பயிற்சியை இன்னும் ஓராண்டு செய்யச் சொன்னார்கள். அவர் ஐ.சி.எஸ். பதவியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பெற்றோர்களே, நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்வோம்? பந்துக்காகச் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டான் என்று திட்டித் தீர்த்திருப்போம். நானே திட்டியிருப்பேன். ஆனால் பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஐ.சி.எஸ். போன பிறகு அவர் தெருவில் நிற்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி வேலை கொடுத்தது. 1934-ல் ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று வழங்கும் நாட்டில், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பி ராய்ப்பூரில் இராஜகுமாரர்கள் படிக்கும் கல்லூரியில் பணி, அதற்கப்புறம் பிகானேர் சமஸ்தானத்தில் அமைச்சர் பொறுப்பு. படிப்பு கையில் இருந்தபடியால்தான் அவரால் விளையாட்டுக்காக ஒரு பதவியைத் துறக்க முடிந்தது. பட்டம் இல்லாத வெறும் ஆட்டக்காரராக இருந்திருந்தால் இந்தத் துணிச்சல் அவருக்கு வந்திருக்குமா என்பதை, மட்டையைக் கண்டதும் புத்தகத்தை மறந்துவிடும் என் மாணவச் செல்வங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு ஆனபோது சொந்த மண்ணை விட்டு அவர் போய் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆங்கிலேயரைப் போன்ற உடை, ஆங்கிலேயரைப் போன்ற பேச்சு. இராஜாக்கள் வீட்டில் விருந்து. நம்மிலும் சிலர் படித்துப் பட்டணம் போனதும், எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அவரும் அப்படியே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ ராஞ்சிக்குத் திரும்பினார். தம் மக்கள் நிலத்தை இழந்து, காட்டு உரிமையை இழந்து, கூலிக்குத் தேயிலைத் தோட்டம் தேடிப் போவதைக் கண்டார். 1939 ஜனவரியில் அங்கே கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். முண்டா, ஒராவோன், சந்தால், ஹோ என்று தனித்தனியாக இருந்தவர்களை ஒரே பந்தலின் கீழ் உட்கார வைத்தார். மக்கள் அவரை மராங் கோம்கே என்று அழைத்தார்கள். பெருந்தலைவர் என்று பொருள்.

1946-ல் இந்தியாவின் அரசியலமைப்பை வகுக்கும் சபையில் உறுப்பினரானார். அந்த டிசம்பர் மாதம் அவர் அங்கே ஆற்றிய பேச்சு புகழ் பெற்றது. பழங்குடி மக்களைக் காட்டான் என்று பிறர் இளப்பமாகச் சொல்லும் அதே சொல்லைத் தமக்கே சூட்டிக்கொண்டு, அத்தனை பெரிய தலைவர்கள் முன்னிலையில் எழுந்து நின்றார். மக்களாட்சியைப் பழங்குடிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்று வாதாடினார். சட்டப் புத்தகத்தில் ஆதிவாசி என்ற சொல்லே இடம்பெற வேண்டும் என்று கேட்டார். அது கிடைக்கவில்லை, அட்டவணைப் பழங்குடிகள் என்றுதான் எழுதினார்கள். ஆனால் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

தனி மாநிலம் கேட்டு ஜார்க்கண்ட் கட்சியை நடத்தினார். சின்னம் சேவல். 1952 தேர்தலில் அக்கட்சி பீகார் சட்டமன்றத்தில் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. ஆனால் மாநிலச் சீரமைப்புக் குழு தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1963-ல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். கூட இருந்தவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவரை விட்டு விலகினார்கள். இந்தக் குறையையும் சேர்த்துத்தான் அவர் வாழ்க்கை.

1970 மார்ச் 20-ஆம் நாள் அவர் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ல் பிறந்தது. ராஞ்சியில் அவர் பெயரில் ஒரு விளையாட்டரங்கு உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பழங்குடி மாணவர்கள் பிரிட்டனில் மேற்படிப்புப் படிக்க ஜார்க்கண்ட் அரசு அவர் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. 2021-ல் முதல் தொகுதியாக ஆறு பேர் புறப்பட்டுப் போனார்கள். டக்ரா கிராமத்துப் பையன் கப்பலேறி அப்போது 103 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனின் அப்பாவைப் போன வாரம் வீட்டில் போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார். இந்தக் கதையைச் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் திடல், மற்ற நாள் மாலையில் என்னிடம் கணிதம் என்று பேசி முடித்திருக்கிறோம். புதன்கிழமை பையன் காலணியோடு வந்தான். கணிதப் புத்தகமும் பையில் இருந்தது.