தொழிலாளர் தோழர் திரு.வி.க.

நுழையும்முன்

எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, உணவு இடைவேளை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன இன்று சட்டத்தின் காப்பில் இருப்பவை. ஒரு நூற்றாண்டுக்கு முன் இவற்றைக் கேட்பதே குற்றமாகக் கருதப்பட்டது. அக்காலத்தில், சென்னையில் தமிழாசிரியராய் இருந்த ஒருவர் ஆலைத் தொழிலாளர் பக்கம் சென்று நின்றார். எத்தனை இடர் வந்தபோதும் அவர் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. அவர் வாழ்வைக் கூறுவது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

திருவாரூர் விருத்தாசல கல்யாணசுந்தரனார், திரு.வி.க. என்னும் சுருக்கப்பெயரால் தமிழுலகம் அறிந்தவர். முன்னோர் ஊரான திருவாரூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியபோதிலும், அவர் பிறந்தது அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் துள்ளம் என்னும் சிற்றூரில். 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், விருத்தாசலனாருக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றபோது, யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தார். திரு.வி.க.வின் உள்ளத்தில் தமிழார்வத்தை வேரூன்றச் செய்தவர் அவரே. அவ்வாசிரியர் ஒரு வழக்கில் நீதிமன்றம் ஏற நேர்ந்தபோது, அவர் சார்பில் சாட்சி கூறுவதற்கு மாணவரான திரு.வி.க. சென்றார். அதனால் பள்ளித் தேர்வை எழுத இயலாமற்போனது. பள்ளிப்படிப்பும் அத்துடன் முடிந்தது. துணை நிற்க வேண்டிய நேரத்தில் தமக்கு நேரும் இழப்பை எண்ணிப் பின்வாங்காத இயல்பு, அவரிடம் அன்றே வெளிப்பட்டது.

ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் பணி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஆசிரியர் பணி, வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பணி என அவரது வாழ்க்கை படிப்படியாக உயர்ந்தது. 1912ஆம் ஆண்டு கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். மதிப்பும் நிலைத்த வருவாயும் உள்ள பணி, அமைதியான இல்லறம் ஆகிய இரண்டும் அவருக்கு அமைந்திருந்தன.

வகுப்பறையிலிருந்து மக்கள் மன்றத்திற்கு

நாட்டு விடுதலை வேட்கை அவ்வமைதியைக் கலைத்தது. 1917ஆம் ஆண்டு கல்லூரிப் பணியைத் துறந்த அவர், அவ்வாண்டு டிசம்பர் மாதம் தொடங்கப்பெற்ற ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அந்நாளில் அரசியலின் மொழி ஆங்கிலமாக இருந்தது. தமிழில் எழுதியோரும் ஆங்கிலச் சொற்களையும் வடசொற்களையும் மிகுதியாகக் கலந்தே எழுதினர். திரு.வி.க. அரசியல் கருத்துகளை இனிய, எளிய தமிழில் எழுதிக்காட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இதழை உரக்கப் படித்தால், படிக்காதவரும் கேட்டுப் பொருளுணரும் நடையாக அது விளங்கியது. பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று அவர் போற்றப்பட்டதற்கு அந்நடையே காரணம்.

தேசபக்தன் தலைவர்களின் சொற்பொழிவுகளோடு நின்றுவிடவில்லை. ஆலைத் தொழிலாளரின் குறைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆசிரியரைத் தொழிலாளரிடம் அழைத்துச் சென்ற வழியும் அதுவே.

அரைமணி நேர உணவு

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் துணி ஆலைகள் இருந்தன. பின்னி நிறுவனத்தார் அவற்றை நடத்தினர். ஏறத்தாழ 10,000 தொழிலாளர் அங்கு உழைத்தனர். வைகறையில் ஒலிக்கும் ஆலைச் சங்கு அவர்களது நாளைத் தொடங்கி வைத்தது. மாலை மங்கும்வரை வேலை நீண்டது. நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் முப்பது நிமிடமே.

அந்த முப்பது நிமிடத்துக்குள் தறியைவிட்டு வெளியே வந்து, கைகழுவி, உண்டு, மீண்டும் இடம் சேர வேண்டும். சற்றுத் தாமதித்தவருக்கு வாயிற்கதவு அடைபட்டது. அரைநாள் கூலி போயிற்று. மேற்பார்வையாளரின் வசைச்சொல்லையும் சில வேளைகளில் அடியையும் பொறுக்க வேண்டியிருந்தது. முதல் உலகப்போரின் விளைவாக அரிசி விலையும் துணி விலையும் ஏறின. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை.

அப்பகுதியில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் சமயச் சொற்பொழிவுகளுக்கென ஒரு சபையை நடத்திவந்தனர். தொழிலாளர் பலர் அங்குக் கூடுவது வழக்கம். அவர்களுடைய துயரை அன்றாடம் கேட்டுவந்த அவ்விருவரும் இதற்கு வழி காண எண்ணினர். சமயம் பேச வந்த திரு.வி.க. அச்சபையில் தொழிலாளரின் ஒற்றுமையைப் பற்றியும் பேசினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ இதழில் பணியாற்றிய பி.பி. வாடியாவும் இம்முயற்சியில் இணைந்தார்.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். செல்வபதியும் இராமானுசலுவும் செயலாளர்களாயினர். முறையான உறுப்பினரும் சந்தாவும் நிருவாகிகளும் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் தொழிற்சங்கமாக வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பிடுவர். அதன் முதற்கோரிக்கைகளுள் ஒன்று, உணவு இடைவேளையைச் சிறிது நீட்டித்துத் தரவேண்டும் என்பதாகும். பசித்தவன் அமைதியாக உண்ண வேண்டும் என்னும் எளிய விருப்பத்திலிருந்து ஒரு பேரியக்கம் பிறந்தது.

தனித்துயரும் பொதுப்பணியும்

சங்கம் தோன்றிய அதே 1918ஆம் ஆண்டில் திரு.வி.க.வின் துணைவியார் கமலாம்பிகை மறைந்தார். மக்கள் இருவரையும் முன்னரே இழந்திருந்த அவர், முப்பத்தைந்தாம் வயதில் தனியரானார். மறுமணத்தை அவர் நாடவில்லை. தமக்கென ஒரு குடும்பம் இல்லாதுபோன வாழ்வை, எழுத்துக்கும் தொழிலாளர் பணிக்கும் ஒப்படைத்தார்.

சங்க உணர்வு பெரம்பூர் ஆலைகளோடு நிற்கவில்லை. இரயில்வே பணிமனைத் தொழிலாளர், டிராம் வண்டித் தொழிலாளர், அச்சகத் தொழிலாளர் எனப் பல பிரிவினரும் சங்கம் அமைக்க முன்வந்தனர். நகர மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கிய பணிகள் அவை. டிராம் ஓட்டுபவர் அயர்ந்தால் அதில் ஏறுபவருக்கும் இடர்; பணிமனையில் உழைப்பவர் நலிந்தால் இரயிற்பயணிக்கும் இடர். எனவே தொழிலாளர் நலம் என்பது ஒரு பிரிவினரின் நலம் மட்டுமன்று, பொதுநலமே என்பதைத் திரு.வி.க. மேடைதோறும் விளக்கினார்.

வழக்கும் உடன்பாடும்

சங்கம் வலுப்பெற வலுப்பெற எதிர்ப்பும் வலுத்தது. 1920ஆம் ஆண்டின் இறுதியில் ஆலைகள் அடைக்கப்பட்டன. டிசம்பரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். வாடியா உள்ளிட்ட தலைவர்கள்மீது நிறுவனத்தார் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரைத் தூண்டி நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் பெருந்தொகையை இழப்பீடாகக் கோரினர். நீதிமன்றமும் தடையாணை பிறப்பித்தது.

அன்று தொழிற்சங்கத்துக்கெனத் தனிச்சட்டம் எதுவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் சங்கம் என்பது உரிமையாகாது. அது நிறுவனத்துக்கு எதிரான கூட்டுச்சதியாகவும் கொள்ளப்படலாம். இந்நிலையில் 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார். தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். சங்கத்தின் சுமை பெரிதும் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது.

1921ஆம் ஆண்டின் சோதனை

அவ்வாண்டின் இடைப்பகுதியில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. அது திங்கள் பல நீடித்தது. திரு.வி.க.வின் பொதுவாழ்வில் நேர்ந்த கடுஞ்சோதனை இதுவே. அச்சோதனை நிறுவனத்தாரிடமிருந்து மட்டும் வரவில்லை. தொழிலாளரிடையே இருந்த பிளவிலிருந்தும் வந்தது.

ஆலைத் தொழிலாளருள் ஆதிதிராவிடர் பலர் இருந்தனர். ஆலைக்குள் மற்றவரோடு ஒன்றாக உழைத்தபோதும், ஆலைக்கு வெளியே தீண்டாமை அவர்களை விலக்கியே வைத்திருந்தது. மிக வறியவராகிய அவர்களுக்கு நெடுநாள் கூலியின்றி வாழ்வது இயலாததாக இருந்தது. தம்மை இணையாக நடத்தாத பிறரின் போராட்டத்தில் தாம் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்னும் ஐயமும் அவர்களுள் பலருக்கு இருந்தது. அவர்கள் வேலைக்குச் சென்றனர். அதனால் எழுந்த பகை புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது. குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் பறிபோயின.

திரு.வி.க. வன்முறையை வெறுத்தவர். காந்தியடிகளின் அறவழியில் ஊன்றி நின்றவர். தொழிலாளரே தொழிலாளரின் குடிசைக்குத் தீயிடும் காட்சி அவர் உள்ளத்தை வருத்தியது. கூலி உயர்வுக்காக ஒன்றுபடுவோர் சாதியைக் களையாவிடின் அவ்வொற்றுமை முதற்காற்றிலேயே சாயும் என்பதை அந்நாள்கள் காட்டின. சாதி வேற்றுமை ஒழிந்த சன்மார்க்க நெறியை அவர் வாழ்நாள் முழுதும் பேசியும் எழுதியும் வந்ததற்குப் பின்னால் அவ்வனுபவமும் உண்டு.

ஆங்கில அரசு தலைவர்கள்மீது சினங்கொண்டது. ஆளுநர் வில்லிங்டன், திரு.வி.க.வை அழைத்து எச்சரித்தார். அவரை நாடுகடத்தும் எண்ணமும் அரசுக்கு இருந்தது. அந்நேரத்தில் அதனைத் தடுக்க முன்வந்தவர் நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயர். அரசியலில் திரு.வி.க. அவருக்கு எதிரணியில் இருந்தவர். அக்கட்சியின் கொள்கையைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர். ஆயினும் அவ்வேற்றுமையைக் கருதாமல் தியாகராயர் துணைநின்றார்.

1921 அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வேலை இழந்தோர் பலர். சங்கம் நலிந்தது.

தோல்வி ஈன்ற சட்டம்

சென்னையில் தொழிற்சங்கத் தலைவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு நாடெங்கும் ஒரு வினாவை எழுப்பியது. உழைப்போர் கூடிப் பேசுவது குற்றமாயின், அவர்களுக்கு நீதி எங்கே கிடைக்கும்? 1921ஆம் ஆண்டு மத்தியச் சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைக் காக்கும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக 1926ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற சங்கத்தின் நிருவாகிகள், முறையான சங்கப் பணிக்காகச் சதிவழக்குக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் ஆளாகாதவாறு அச்சட்டம் காப்பளித்தது. பெரம்பூரில் பசித்திருந்தவர்கள் தம் கோரிக்கையைப் பெறவில்லை. ஆனால் அவர்களுக்குப்பின் வந்த தலைமுறையினர் கேட்கும் உரிமையைப் பெற்றனர்.

1920ஆம் ஆண்டு தேசபக்தனைவிட்டு விலகிய திரு.வி.க., அவ்வாண்டிலேயே ‘நவசக்தி’ இதழைத் தொடங்கியிருந்தார். அதன்வழி நாட்டு விடுதலை, பெண்ணுரிமை, தொழிலாளர் நலம், தமிழ் வளர்ச்சி ஆகியவற்றைப் பல்லாண்டுகள் எழுதினார். மனித வாழ்க்கையும் காந்தியடிகளும், பெண்ணின் பெருமை, முருகன் அல்லது அழகு முதலிய நூல்கள் அவர் புகழை நிலைநாட்டின. காரல் மார்க்சின் பொருளியல் சிந்தனையையும் காந்தியடிகளின் அறநெறியையும் இணைத்துக் காண அவர் விழைந்தார். வயிற்றுக்கு உணவும் உள்ளத்துக்கு அறமும் ஒருங்கே வேண்டும் என்பது அவர் கருத்து.

விடுதலை நாளில் வீட்டுக்காவல்

1947ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலைகளில் மீண்டும் பெரியதொரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் ஆட்சி செய்தது காங்கிரசு அமைச்சரவை. எந்த இயக்கத்தின் வளர்ச்சிக்காகத் தம் பணியைத் துறந்து எழுதியும் பேசியும் உழைத்தாரோ, அவ்வியக்கத்தின் ஆட்சி அது. ஆட்சியாளர் பலர் அவருடைய பழைய நண்பர்கள். அறுபத்து மூன்று வயதாகிய திரு.வி.க. அன்றும் தொழிலாளர் பக்கமே நின்றார். அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றது. அந்நாளிலும் அவர் காவலிலேயே இருந்தார். வேற்று நாட்டார் ஆண்டபோது தொழிலாளருக்காகப் பேசுவது அரிது. தம்மவர் ஆளும்போது பேசுவது அதனினும் அரிது. அவ்விரண்டையும் செய்தவர் திரு.வி.க.

நிறைவு

முதுமையில் அவரது கண்ணொளி மங்கியது. எழுதுவதற்குக் கண் உதவாதபோதும் அவர் சிந்தனை ஓயவில்லை. தாம் சொல்லப் பிறர் எழுதும் முறையில் கவிதை நூல்களை இயற்றினார். 1944ஆம் ஆண்டு வெளிவந்த ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ அவருடைய வரலாற்றை மட்டுமன்றி, அக்காலச் சென்னையின் வரலாற்றையும் தொழிலாளர் இயக்க வரலாற்றையும் காட்டும் நூலாகும். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். செல்வம் என அவர் விட்டுச்சென்றவை அவர் எழுதிய நூல்களும் தொழிலாளரின் அன்புமே.

பெரம்பூரில் அந்த ஆலைகளின் சங்கொலி இன்று ஓய்ந்துவிட்டது. அவை 1996ஆம் ஆண்டு மூடப்பட்டன. ஆனால் அவற்றின் அருகே எழுந்த சங்கம் ஈட்டித் தந்த உரிமை, நாட்டின் கடைக்கோடித் தொழிற்கூடம்வரை சென்று சேர்ந்திருக்கிறது. தொழிலாளர் நிறைந்து வாழும் அப்பகுதியின் ஒரு பெரும்பரப்பு இன்று திரு.வி.க. நகர் என்று வழங்குகிறது. ஆலை நிறுவியோர் பெயரை ஏற்காமல், உழைப்பவர் பக்கம் நின்ற தமிழாசிரியர் ஒருவரின் பெயரை அவ்வூர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.