ஹரி ஹெஸ்: போர்க்கப்பலிலிருந்து கடலடியைத் தேடியவர்

பதுளையில் நான் படித்த காலத்தில், வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப்படத்தில் கடல் வெறும் நீலம். மலையும் பள்ளத்தாக்கும் நிலத்துக்கு மட்டுமே. எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கடல் என்பது முன்னோர் தலைமன்னாரில் வந்திறங்கிய வழி, அவ்வளவுதான். அந்த நீலத்துக்கு அடியில் தரையே நகர்கிறது என்று விளக்கியவர் ஹரி ஹெஸ்.

1906இல் நியூயோர்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலுக்குச் சேர்ந்து, இடையில் புவிச்சரிதவியலுக்கு மாறினார். இன்றைய சாம்பியாவில் இரண்டு வருடம் கனிமம் தேடினார். 1934 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கடற்படையின் சேமப் படையிலும் பெயர் பதிந்திருந்ததால், 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதும் அழைப்பு வந்தது.

முதலில் அத்திலாந்திக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எங்கே இருக்கும் என்று கணிக்கும் வேலை. பிறகு அவரே கேட்டுக் கப்பலுக்குப் போனார். கேப் ஜோன்சன் என்ற அந்தக் கப்பல், பசுபிக் தீவுகளில் தரையிறக்கப் படையினரை ஏற்றிச் செல்வது. நாளடைவில் அதன் தளபதியும் ஆனார்.

கப்பலில் ஓர் எதிரொலிமானி இருந்தது. வேலை எளிது: கீழ்நோக்கி ஒலியை அனுப்பும், தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் போகும். நான்கு செக்கனில் திரும்பினால் ஆழம் 3000 மீற்றர். நமுனுகுல மலையை அங்கே இறக்கி வைத்தாலும் உச்சிக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் தண்ணீர் நிற்கும். கரையை நெருங்கும்போது கப்பல் தரைதட்டாமல் இருக்கத்தான் அந்தக் கருவி. ஹெஸ் அதை நடுக்கடலிலும் நிறுத்தாமல் ஓடவிட்டார். சண்டைக்குப் போகும் வழியெல்லாம் கடலடியின் கோட்டுருவம் தாளில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தக் கோடுகளில் உச்சி சீவிவிட்டதுபோன்ற தட்டையான மலைகள் தெரிந்தன. பிரின்ஸ்டனின் பழைய பேராசிரியர் ஆர்னோல்ட் கியோவின் பெயரை அவற்றுக்குச் சூட்டி, 1946இல் கட்டுரை வெளியிட்டார்.

யுத்தம் அறிவியலுக்குத் தந்த கொடை என்று இதை எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அந்தக் கப்பல் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்களில் இவோ ஜிமாவும் ஒன்று. அந்தச் சிறு தீவில் இரு தரப்பிலும் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். கருவியை ஓடவிட்டது ஹெஸ்ஸின் ஆர்வம். யுத்தத்துக்கு அதில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

தட்டை மலைகள் மிகப் பழைய தீவுகள், காலப்போக்கில் மூழ்கிப்போனவை என்றுதான் முதலில் எண்ணினார். ஆனால் கடலடியில் கிடைத்த பாறைகள் எல்லாம் இளமையாக இருந்தன. 1962இல் தன் பழைய விளக்கத்தைத் தானே கைவிட்டார். நடுக்கடல் மலைத்தொடரில் உருகிய பாறை மேலெழுந்து புதுத் தரையாகிறது. அது இரு பக்கமும் விலகி, குளிர்ந்து, தாழ்ந்து, ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் பூமிக்குள் போகிறது. மேலே இருக்கும் மலைகளும் தரையோடு சேர்ந்து நகர்ந்து தாழ்கின்றன. தன் கட்டுரையைக் கவிதைபோல எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் முன்னுரையிலேயே எச்சரித்தார்.

வலுவான சாட்சி எங்கள் சமுத்திரத்திலிருந்தே வந்தது. 1962 இறுதியில் பிரித்தானியக் கப்பல் ஓவன், அரபிக்கடலின் கார்ல்ஸ்பேர்க் மலைத்தொடரில் காந்த அளவீடு செய்தது. அடுத்த வருடம் வைனும் மத்தியூஸும் அதை விளக்கினார்கள். புதுப்பாறை உறையும்போது அன்றைய காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் தரை வரிவரியாக விரிந்த தடம் அப்படியே பதிந்திருக்கிறது.

ஊவாவின் பாறைகள் அழுந்தி உருமாறி ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். நம்மைச் சுற்றியுள்ள கடலடி இருபது கோடியைத் தாண்டாது. அந்தாட்டிக்காவோடு ஒட்டியிருந்த இந்தத் தீவு, கடலடி விரிய விரிய வடக்கே வந்தது. 1948இல் எங்களை வந்தேறிகள் என்று சட்டம் போட்டவர்கள் நின்ற நிலமும் வந்த நிலம்தான்.

தரை புதையும் இடத்தையும் எங்கள் ஆட்கள் அறிவார்கள், பெயர் தெரியாமலே. சுமாத்திராவுக்கு அடியில் புதையும் விளிம்பு நெடுங்காலம் இறுகிக் கிடந்து, 2004 டிசம்பர் 26 காலை விடுபட்டது. 83இல் எங்கள் லயனை விட்டு வன்னிக்கு ஓடிய குடும்பம் ஒன்று அன்று முல்லைத்தீவுக் கரையில் இருவரைப் பறிகொடுத்தது. மிஞ்சியவர்களை 2009 அதே கரைக்குத் துரத்தியது.

ஹெஸ் பின்னாளில் கடற்படைச் சேமப் படையில் றியர் அட்மிரல் தரத்துக்கு உயர்ந்தார். அமெரிக்க அறிவியல் கழகத்தின் விண்வெளி அறிவியல் சபைக்கும் தலைமை வகித்தார். மனிதர் சந்திரனில் இறங்கி ஒரு மாதம் கழித்து, 1969 ஓகஸ்ட் 25இல், வூட்ஸ் ஹோலில் அந்தச் சபையின் கூட்டத்துக்குத் தலைமை வகித்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் காலமானார். வயது 63.