திரும்பி வந்த மாணவன்

(மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை)

கல்வராயன் மலையில் பிறந்து, கல்வி நாடிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தவன் நான். படித்து முடித்தபின் ஊருக்குத் திரும்புவாயா என்று என் தாய் கேட்கும்போதெல்லாம் விடை சொல்லத் தெரியாமல் நிற்பேன். அவ்வேளைகளில் கடல் நடுவே பிறந்த ஒருவரின் வாழ்வு என் நெஞ்சில் எழும். அவரே பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

நிக்கோபார்த் தீவுகளுக்குக் கிறித்துவத்தைக் கொண்டு செல்ல முயன்றோர் பலர். நம் தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்டிருந்த மொரேவியத் தொண்டர்கள் 1768 முதல் 1787 வரை நான்கவுரித் தீவில் பணியாற்றினர். காய்ச்சல் பலரைப் பலிகொண்டது, எஞ்சியோர் திரும்பினர். நூறாண்டுகளுக்குப் பின், 1896இல், வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் குடியேறினார். உபதேசியார், ஆசிரியர், அரசின் முகவர் என முப்பெரும் பொறுப்புகளையும் அவரே சுமந்தார். அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவன் ஹா சேவ் கா. அவனே பின்னர் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான்.

சாலமோன் அம்மாணவனைப் பர்மாவிலுள்ள மாந்தளைக்குப் படிக்க அனுப்பினார். 1909இல் ஆசிரியர் ரங்கூனில் காலமானார். அழைக்க ஆசிரியர் இல்லை. ஆயினும் மாணவர் 1912இல் மூஸுக்குத் திரும்பிப் பள்ளிப் பணியை ஏற்றார். எழுத்தின்றி இருந்த தம் தாய்மொழியை ரோமன் எழுத்தில் எழுதிப் பாடநூல் இயற்றினார். விவிலியத்தையும் அம்மொழியில் பெயர்த்தார். தீவுக்கு வெளியிலிருந்து வந்த சமயம், தீவின் சொந்த மொழியில் பேசியது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தீவு மக்கள் பலர் ஒற்றர் என்ற ஐயத்தால் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார்; போர் முடிந்ததால் உயிர் பிழைத்தார். 1950இல் பேராயரானார். 1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1975இல் பத்மபூஷண் பெற்றார், 1978இல் மறைந்தார்.

நண்பர்களே, பதவிகளையும் விருதுகளையும் விட, 1912இல் அவர் மூஸ் கரையில் இறங்கிய அந்த நாளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மலையும் ஒருவகைத் தீவுதானே! அடுத்த முறை என் தாய் கேட்டால், நான் மௌனமாக நிற்கமாட்டேன்.