தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

நுழையும்முன்

குழாயிலிருந்து விழும் நீர் தெளிவாக இருந்தால், அது தூய்மையானது என்று நம்பிவிடுகிறோம். பளிங்குபோல் தோன்றும் நீரும் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை, நுண்ணுயிரிகள் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஏற்பதற்கு முன்பே காட்டியவர் ஒரு மருத்துவர். வாழ்ந்த காலத்தில் அவர்தம் கூற்றைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும், இன்று நாம் பருகும் பாதுகாப்பான நீருக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

ஆற்றங்கரைச் சிறுவன்

இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றை ஒட்டிய எளிய மக்கள் குடியிருப்பில், 1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஜான் ஸ்னோ பிறந்தார். தொழிலாளி ஒருவரின் ஒன்பது மக்களுள் அவரே மூத்தவர். பதினான்காம் வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தைக் காலரா முதன்முறையாகத் தாக்கியது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்க அவ்விளைஞர் அனுப்பப்பட்டார். சுரங்கத்தினுள் கழிப்பிடம் இல்லை. கழுவாத கைகளாலேயே தொழிலாளர்கள் உணவு உண்டனர். பின்னாளில் நோய் பரவும் முறையை விளக்கியபோது, இந்நிலையையும் அவர் சான்றாகக் காட்டினார்.

1836இல் இலண்டன் சென்ற ஸ்னோ, 1844இல் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். மயக்கமருந்துத் துறையின் முன்னோடியாகவும் திகழ்ந்தார். 1853இல் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது குளோரோபார்ம் அளித்தவர் அவரே. புகழும் வருவாயும் தேடிவந்த அந்நாள்களிலும், ஏழைகளை வாரிச்சென்ற காலராவை அவர் மறக்கவில்லை.

காற்றா? நீரா?

அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவைப் பரப்புகிறது என அக்கால மருத்துவர்கள் கருதினர். ஸ்னோ மாறுபட்டுச் சிந்தித்தார். நோய் முதலில் தாக்குவது குடலை, நுரையீரலை அன்று. ஆகவே, நோயைத் தருவது வாய்வழியாகவே உள்ளே செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். 1849இல் இக்கருத்தைச் சிறுநூலாக வெளியிட்டார்.

அதே ஆண்டில் வாண்ட்ஸ்வொர்த் சாலையில் இருந்த பதினேழு வரிசை வீடுகள் அவருடைய கவனத்தை ஈர்த்தன. வசதியுடையோர் வாழ்ந்த அவ்வீடுகளுக்கு ஊற்றுநீர் கால்வாய் வழியாக வந்து, பின்புறத் தொட்டிகளில் நிரம்பியது. அருகிலேயே கழிவுக்குழிகளும் வடிகால்களும் இருந்தன. சூலைத் திங்களில் பெருமழை பெய்து வடிகால் உடைந்தது. கழிவு குடிநீரில் கலந்தது. அடுத்த சில நாள்களில் அவ்வீடுகளில் பலர் இறந்தனர். சுற்றியிருந்த வீடுகளில் நோய் அவ்வாறு பரவவில்லை. செல்வமும் சுத்தமான வீடும் காவலாகவில்லை. ஒரு குழாய் அமைப்பின் குறை உயிர்களைக் குடித்தது.

அடிகுழாயின் கைப்பிடி

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் சோகோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாள்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்னோ இறப்புப் பதிவேட்டைப் பெற்று வீடுவீடாக நடந்தார். இறந்தோருள் பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயின் அருகே வாழ்ந்தவர்கள். ஆனால், 535 பேர் தங்கியிருந்த அருகிலுள்ள ஏழையர் விடுதியில் ஐவரே மாண்டனர். அங்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். அவர் அத்தெரு நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துப் பருகியவர்.

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை, ஊர் நிருவாகக் குழுவினரிடம் ஸ்னோ தம் சான்றுகளை எடுத்துரைத்தார். முழுமையாக நம்பாவிடினும், மறுநாள் அவர்கள் அடிகுழாயின் கைப்பிடியை அகற்றினர். மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோ மறைக்கவில்லை. தமக்கு எதிரான உண்மையையும் தம் நூலில் பதிவு செய்தமை அவருடைய அறிவு நேர்மைக்குச் சான்றாகும்.

அவ்வாண்டிலேயே தென் இலண்டனில் மற்றோர் ஆய்வையும் மேற்கொண்டார். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிறுவனங்களிடம் நீர் பெற்றன. ஒரு நிறுவனம் கழிவு கலந்த தேம்சு ஆற்றுப் பகுதியிலிருந்தும், மற்றது அதற்கு மேலுள்ள தூய பகுதியிலிருந்தும் நீர் எடுத்தது. முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதில் 315 பேரும், பின்னதில் 37 பேரும் இறந்தனர்.

சுவருக்குப் பின் இருந்த உண்மை

பிராட் தெருக் கிணற்றின் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள் குறையொன்றும் காணவில்லை. ஸ்னோவின் கருத்தை மறுக்கும் நோக்குடன் ஆய்வில் இறங்கிய ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் பாதிரியாரே உண்மையை நெருங்கினார். கிணற்றை அடுத்திருந்த நாற்பதாம் எண் வீட்டில், கொள்ளைநோய் வெடிப்பதற்குச் சில நாள் முன்னரே ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் வாடியதை அவர் அறிந்தார். அக்குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். 1855இல் அவ்விடம் தோண்டப்பட்டது. குழியின் செங்கற்கள் பிணைப்பிழந்து கிடந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிக்கும் குறைந்த தொலைவே இருந்தது. அதன் வழியே கழிவு கசிந்திருந்தது. மறுக்க வந்தவர் ஸ்னோவின் துணைவரானார்.

ஆயினும் அரசின் சுகாதாரக் குழு ஸ்னோவின் முடிவை ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள், தம் 45ஆம் வயதில், பக்கவாதத்தால் அவர் மறைந்தார். 1866இல் இலண்டனில் மீண்டும் காலரா பரவியபோதுதான் பலரும் அவர் காட்டிய உண்மையை உணர்ந்தனர். 1884இல் கொல்கத்தாவில் இராபர்ட் கோக் நோயாளிகளின் குடலிலும் குளத்து நீரிலும் காலராக் கிருமியைக் கண்டார்.

இன்றும் குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் விலகி இருக்க வேண்டும் என்றும், குழாய் இணைப்புகளில் கசிவு கூடாது என்றும் விதிக்கின்றனர். நீர் வரத்து நின்று அழுத்தம் குறையும்போது, விரிசலுற்ற குழாய் சுற்றியுள்ள கழிவை உள்ளிழுத்துக்கொள்ளும். அது அவ்வீட்டோடு நில்லாமல் தெருவெங்கும் பரவக்கூடும். ஒரு வீட்டின் பழுதைச் சீர்செய்வது ஊரைக் காக்கும் கடமையாகும். ஸ்னோ ஆய்வு செய்த அத்தெருவில், கைப்பிடியில்லாத அடிகுழாய் ஒன்று நினைவுச்சின்னமாக இன்றும் நின்று அதனை நினைவூட்டுகிறது.