ஆளுநர்களின் வாசலில் நின்ற விசாரணையாளர்: முஹம்மது பின் மஸ்லமா (ரலி)



கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நீதியைப் பற்றி நாம் மதரஸாப் பருவம் தொட்டே கேட்டு வருகின்றோம். அவர்கள் இரவில் நகர்வலம் வந்ததையும், பசித்த குடும்பத்திற்காக மாவு மூட்டையைத் தம் தோளில் சுமந்ததையும் அறியாதவர் நம்மில் இலர். ஆயினும், மதீனாவில் தங்கியிருந்த கலீஃபா, தொலைதூரத்தில் இருந்த கூஃபாவிலும் மிஸ்ரிலும் தம் ஆளுநர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை எப்படி அறிந்தார்கள் என்று நாம் சிந்தித்ததுண்டா? மக்களின் முறையீடுகளை நேரில் சென்று விசாரிக்கும் பொறுப்பை அவர்கள் ஒரு நபித்தோழரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர்தாம் முஹம்மது பின் மஸ்லமா அல் அன்சாரீ (ரலி) அவர்கள்.

சாட்சியாக எழுந்து நின்றவர்

மதீனாவின் அவ்ஸ் கோத்திரத்தில் பனூ ஹாரிஸா கிளையில் தோன்றியவர்கள் அவர்கள். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வருவதற்கு முன்பே, முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று இஸ்லாத்தில் இணைந்தார்கள். உயர்ந்த உருவமும் கறுத்த மேனியும் உடையவர்கள் என வரலாற்றாசிரியர்கள் வர்ணிக்கின்றனர். பத்ரு தொடங்கிப் போர்களில் நபி (ஸல்) அவர்களுடன் கலந்துகொண்டார்கள். தபூக் போரின்போது மட்டும் நபியவர்களின் அனுமதியுடன் மதீனாவில் தங்கினார்கள்.

அவர்களின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்தது. ஒரு மூதாட்டி, இறந்துபோன தம் பேரப்பிள்ளையின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு வழங்கியதைத் தாம் அறிவதாக முகீரா பின் ஷுஅபா (ரலி) கூறினார்கள். ஒருவரின் கூற்றோடு நில்லாமல், இதனை அறிந்த வேறொருவர் உண்டா என்று கலீஃபா வினவினார்கள். அப்போது எழுந்து நின்று அதனை உறுதிப்படுத்தியவர் முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களே. மூதாட்டிக்கு அவருடைய பங்கு கிடைத்தது. உமர் (ரலி) அவர்களின் காலத்திலும், கருவிலிருந்த சிசுவின் இழப்பீடு குறித்த வழக்கில் இதேபோன்று இரண்டாம் சாட்சியாக நின்றார்கள். அறிந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சபையில் எடுத்துரைப்பவர் என்ற இந்த நற்பெயரே பின்னாளில் அவர்களுக்குக் கிடைத்த பொறுப்பின் அடித்தளம் என்று நாம் கருதுகின்றோம்.

உமர் (ரலி) வகுத்த ஏற்பாடு

உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13 முதல் 23 வரை (கி.பி. 634 – 644) ஆட்சி புரிந்தார்கள். இராக், சிரியா, மிஸ்ரு எனப் பெரும் நிலப்பரப்புகள் ஆட்சியின்கீழ் வந்த காலம் அது. வரியும் போர்ச்செல்வமும் குவிந்தன. செல்வம் குவியும் இடத்தில் சபலமும் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எனவே ஒருவரை ஆளுநராக நியமிக்கும்போது அவருடைய சொத்துகளை எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆடம்பரப் புரவியில் ஏறக்கூடாது, மெல்லிய ஆடை அணியக்கூடாது, சலித்த மாவின் ரொட்டியை உண்ணக்கூடாது, தேவையுடையோருக்குக் கதவை அடைக்கக்கூடாது என்ற நிபந்தனைகளை விதித்து, முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் அதற்குச் சாட்சியாக்குவார்கள். ஹஜ்ஜுடைய காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, மக்கள் அவர்கள் முன்னிலையிலேயே குறைகளைச் சொல்ல வாய்ப்பளிப்பார்கள். அதற்குப் பிறகும் முறையீடு வந்தால், முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களே புறப்பட்டுச் செல்வார்கள்.

கூஃபாவின் கதவு

ஹிஜ்ரி 17ல் கூஃபா நகரம் உருவானது. காதிஸிய்யா போரின் வெற்றித் தளபதியான ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அதன் ஆளுநர். அவர்களுடைய மாளிகை கடைவீதிக்கு அருகில் இருந்தது. அங்கிருந்து எழுந்த இரைச்சலைத் தடுக்க ஒரு கதவு அமைக்கப்பட்டது. மக்கள் அதனை ஸஅதின் கோட்டை என்று அழைக்கத் தொடங்கினர். செய்தி மதீனாவை எட்டியது. அந்தக் கதவை எரித்துவிட்டு உடனே திரும்புமாறு உமர் (ரலி) அவர்கள் முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள்.

கூஃபாவை அடைந்ததும் அவர்கள் யாரிடமும் உதவி கேட்கவில்லை. தாமே விறகு வாங்கினார்கள், கதவுக்குத் தீயிட்டார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் உள்ளே வருமாறு அழைத்தும் செல்லவில்லை. வழிச்செலவுக்குக் கொடுத்த பொருளையும் ஏற்கவில்லை. கலீஃபாவின் மடலை மட்டும் கொடுத்தார்கள். கதவு வைத்து மக்களைத் தடுக்க வேண்டாம் என்பது அம்மடலின் சாரம். தம்மைப் பற்றிப் பரப்பப்பட்ட சொல்லைத் தாம் சொல்லவில்லை என்று ஸஅத் (ரலி) சத்தியம் செய்தார்கள். திரும்பும் வழியில் முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களின் கையிருப்பு உணவு தீர்ந்துபோனது. மரப்பட்டையைத் தின்று பசியாறியபடி மதீனா வந்து சேர்ந்தார்கள் என்று தபரீ பதிவு செய்துள்ளார். ஸஅத் (ரலி) அவர்களின் சத்தியத்தையும் மறைக்காமல் கலீஃபாவிடம் எடுத்துரைத்தார்கள். கலீஃபா அதனை ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரணை

ஹிஜ்ரி 21ல் (கி.பி. 642) நிலைமை கடுமையானது. நஹாவந்தில் பாரசீகப் படைகள் திரண்டிருந்த நேரம். அந்த வேளையில் கூஃபாவிலிருந்து ஒரு குழுவினர் ஸஅத் (ரலி) அவர்கள் மீது முறையீடு கொண்டுவந்தனர். அவர் முறையாகத் தொழுவிப்பதில்லை என்பது கூட அவர்களின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எதிரி வாசலில் நிற்கும்போது இதைக் கிளப்புவதே அவர்களின் உள்நோக்கத்தைக் காட்டுகின்றது என்று உமர் (ரலி) அவர்கள் வெளிப்படையாகக் கூறினார்கள். ஆயினும் அந்தக் காரணத்தால் முறையீட்டை விசாரிக்காமல் விடமாட்டேன் என்றும் உறுதிபடக் கூறினார்கள்.

முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்கள் மீண்டும் கூஃபா சென்றார்கள். ஆளுநரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளிவாசலாகச் சென்று மக்களிடம் விசாரித்தார்கள். மறைவாக எவரிடமும் கேட்கவில்லை. சென்ற இடமெல்லாம் மக்கள் ஸஅத் (ரலி) அவர்களைப் பற்றி நல்லதையே கூறினர். பனூ அப்ஸ் கிளையாரின் பள்ளிவாசலில் மட்டும் உஸாமா பின் கதாதா என்பவர் எழுந்தார். ஸஅத் படையுடன் செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, வழக்கில் நீதி வழங்குவதில்லை என்று ஆளுநரின் முகத்துக்கு நேரே கூறினார். அவ்வாறு கூறியதற்காக அவர் மீது எந்தத் தண்டனையும் பாயவில்லை. அவர் பொய்யுரைப்பவராக இருந்தால் அல்லாஹ்வே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸஅத் (ரலி) அவர்கள் அவருக்கு எதிராக துஆச் செய்தார்கள். அந்த துஆ பலித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

பின்னர் இரு தரப்பாரும் மதீனாவில் கலீஃபாவின் முன் நிறுத்தப்பட்டனர். தொழுகையின் முதல் இரண்டு ரக்அத்களை நீட்டியும் பின் இரண்டைச் சுருக்கியும் தொழுவிப்பதாக ஸஅத் (ரலி) விளக்கினார்கள். தம்முடைய எண்ணமும் அதுவே என்று உமர் (ரலி) கூறினார்கள். குழப்பத்தைத் தவிர்க்க ஆளுநர் மாற்றப்பட்டார். எனினும் குற்றம் ஏதும் நிரூபணமாகவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் மரணத் தறுவாயில், அடுத்த கலீஃபாவைத் தேர்வு செய்யும் அறுவரில் ஒருவராக ஸஅத் (ரலி) அவர்களை நியமித்தார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரைத் தாம் நீக்கவில்லை என்றும் அனைவரும் அறியச் சொன்னார்கள். முறையிட்டவரின் வாய் அடைக்கப்படவில்லை. முறையீட்டுக்கு ஆளானவரின் மானமும் காப்பாற்றப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொதுப்பணியில் இருப்போர் அறிவர்.

மிஸ்ரில் மறுக்கப்பட்ட விருந்து

மிஸ்ரின் ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களிடம், பதவிக்கு வரும்போது இல்லாத பொருள்களும் கால்நடைகளும் பெருகியிருப்பதாகச் செய்தி வந்தது. உமர் (ரலி) விளக்கம் கேட்டு எழுதினார்கள். இது விவசாயமும் வணிகமும் செழித்த பூமி, அதனால் மிஞ்சியதே இது என்று பதில் வந்தது. கலீஃபா அதில் நிறைவடையவில்லை. சொத்தைக் கணக்கிட்டுப் பாதியை எடுத்துவர முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள்.

அம்ரு (ரலி) அவர்கள் விருந்து தயாரித்தார்கள். வந்தவரோ அதைத் தொடவில்லை. விருந்தாளிக்கு இடும் உணவாயின் உண்டிருப்பேன், இது வேறொன்றுக்கு முன்னோடியாக வரும் உணவு என்ற பொருளில் மறுத்தார்கள். சொத்து கணக்கிடப்பட்டுப் பாதி பிரிக்கப்பட்டது. வேதனையில் அம்ரு (ரலி) கலீஃபாவைப் பற்றிச் சில கடுஞ்சொற்களைக் கூறினார்கள். முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களைக் கண்டித்தார்கள். பிறகு, சபையில் பேசியது அமானிதம் அல்லவா என்று அம்ரு (ரலி) கேட்டபோது, உமர் (ரலி) உயிருடன் இருக்கும்வரை அதை வெளியிடமாட்டேன் என வாக்களித்தார்கள். சொத்துக் கணக்கைக் கறாராகப் பார்த்தவர், கோபத்தில் ஒருவர் உதிர்த்த சொல்லைக் கோள் மூட்டவில்லை. அம்ரு (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களின் காலம் முழுவதும் ஆளுநராகவே நீடித்தார்கள்.

கலீஃபாவிடமும் அதே அளவுகோல்

ஒருநாள் பனூ ஹாரிஸாவின் நீர்த்துறையில் உமர் (ரலி) அவர்கள் அவரைச் சந்தித்து, தம்மை எவ்வாறு காண்கிறீர் என்று வினவினார்கள். பொதுப்பொருளைச் சேர்ப்பதில் வலிமையும், அதிலிருந்து விலகி நிற்கும் பேணுதலும், பங்கிடுவதில் நீதியும் உடையவராகக் காண்பதாக முஹம்மது பின் மஸ்லமா (ரலி) கூறினார்கள். அத்துடன் நில்லாமல், தாங்கள் கோணினால் அம்பை நிமிர்த்துவதுபோல் நிமிர்த்துவோம் என்றும் சொன்னார்கள். இத்தகைய சமுதாயத்தில் தம்மை ஆக்கிய அல்லாஹ்வை உமர் (ரலி) புகழ்ந்தார்கள்.

ஹிஜ்ரி 35ல் உஸ்மான் (ரலி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்ட பின் முஸ்லிம்களிடையே மூண்ட சண்டையில் அவர்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை. தம் வாளை முறித்து மரவாள் ஒன்றை வைத்துக்கொண்டு, ரபதாவில் கூடாரத்தில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 43ல் தமது 77வது வயதில் மதீனாவில் வஃபாத்தானார்கள்.

நாம் பெறும் படிப்பினை

பொதுப்பணத்தைக் கையாள்வோரிடம் கணக்குக் கேட்டால் நம்மில் சிலர் அதை அவமதிப்பாகக் கருதுகின்றோம். வேறு சிலரோ வீதியில் பேசும் குறையைச் சபையில் பேசத் தயங்குகின்றோம். பாரசீகத்தை வென்ற தளபதியே பள்ளிவாசல்தோறும் உடன் நடந்து விசாரணைக்கு உட்பட்டார்கள் எனில், நாம் எம்மாத்திரம்? இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களை வாசிப்போர் ஐயம் இருப்பின் சபையில் எழுந்து கேளுங்கள். பொறுப்பிலிருப்போர் முகம் சுளிக்காமல் விடை கூறட்டும். விசாரிப்போர் எவர் வீட்டு விருந்துக்கும் கடன்படாதிருக்கட்டும்.

அமானிதத்தைப் பேணும் மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.