மலையேறி நாட்டை அளந்தவர்

ராஜபாளையத்தில் நின்றால் மேற்கே மலைத்தொடர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வானளாவிய கோபுரம். இத்தகைய மலைகளிலும் கோபுரங்களிலும் ஏறித்தான் தென்னாட்டை அளந்தார், ஆங்கிலேயரான வில்லியம் லாம்ப்டன்.

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. அப்போதே அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சியைக் குறிபார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். கருவியோ அரை டன் எடை! கால் வைத்தால் கல் உருளும் சரிவுகளில் கூலியாட்கள் அதைச் சுமந்து ஏறினார்கள். பாவம், அவர்கள் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவர் என்றால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். ஆறு வாரம் தம் கையாலேயே செப்பனிட்டார். மறு ஆண்டே குமரிமுனைப் பக்கம் வரை அளந்துவிட்டார்.

1823இல், வடக்கே அளக்கச் செல்லும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார்.