சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

குழந்தைகளே! ஆபரேஷன் செய்யும் டாக்டர் என்றதும், மேஜை அருகே நின்றபடி வேலை செய்பவர்தானே உங்கள் மனதில் வருகிறார்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

மேரி 1925-ம் ஆண்டு கேரளாவில் பிறந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். தாய்மார்களுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை.

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம். உடன் வேலை பார்த்த டாக்டர்களோடு வண்டியில் வெளியூர் சென்றபோது, வண்டி கவிழ்ந்துவிட்டது. மேரியின் முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டும் அடிபட்டது.

நம் முதுகுத்தண்டுக்குள் தண்டுவடம் என்ற நரம்புக் கற்றை இருக்கிறது. மூளை இடும் கட்டளையைக் கால்களுக்கு எடுத்துச் செல்வது அதுதான். அது சேதமடைந்ததால் இடுப்புக்குக் கீழே மேரிக்கு அசைவும் இல்லை, தொடு உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் கட்டிலோடு முடிந்துபோகும். படுக்கைப் புண் வந்து இறந்தவர்கள் பலர். மேரியும் மனம் உடைந்து போனார். கால்களைப் பயன்படுத்தாமல் இனி எப்படி டாக்டராக இருப்பது?

அதே மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்வதில் பெயர் பெற்றவர். இந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதை அவர் மேரிக்கு எடுத்துச் சொன்னார். மேரி அதைக் கற்றுக்கொண்டார். சோறு பிசைய முடியாத கைகள், பேனா பிடிக்க முடியாத கைகள் பலவற்றை மீண்டும் வேலை செய்ய வைத்தார்.

கவனித்தீர்களா? மேரியின் கால்கள் குணமாகவில்லை. அவருக்கு ஏற்ற வேலையும் அதற்கு ஏற்ற ஏற்பாடும் கிடைத்தன. அவ்வளவுதான்!

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரத்துக்குப் போய், பிறர் உதவியை அதிகம் எதிர்பார்க்காமல் வாழப் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஹோவர்ட் ரஸ்க் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். விபத்தாலும் நோயாலும் உடல் இயக்கம் குறைந்தவர்களை, முடிந்தவரை சொந்தமாக வாழப் பழக்கும் மருத்துவம் அது.

1960-களில் வேலூருக்குத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் தொடங்கியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடை உடுத்துவது, வீடு திரும்பிய பின் பிழைக்க வழி தேடுவது என எல்லாவற்றுக்கும் அங்கே வழிகாட்டினார்கள். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அழுதவர்களின் முன்னால், டாக்டரே சக்கர நாற்காலியில் வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்!

1972-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

மேரிக்கு உதவப் பெரிய மருத்துவமனை இருந்தது, நல்ல ஆசிரியர் இருந்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது அல்லவா? அதனால்தான் சட்டம் வந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பள்ளிகளும் பொதுக் கட்டடங்களும் எல்லோரும் வந்துபோக ஏற்றவையாக இருக்க வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை!

புதுக்கோட்டை மாணவச் செல்வங்களே! நாளை பள்ளிக்குப் போனதும் சுற்றிப் பாருங்கள். வாசலில் படிக்கட்டு மட்டும்தானா, சாய்தளமும் உண்டா? சக்கர நாற்காலி கழிவறைக்குள் நுழையுமா? இல்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். சாய்தளம் இருந்தால், அதன் குறுக்கே சைக்கிளை நிறுத்தாதீர்கள். அந்த வழியாக வருபவர் நாளை ஒரு டாக்டராகலாம்!